இரவல் பகடை

அவரைக் குரு என்று முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

தையல்கடை மாடியில் ஞாயிறுதோறும் கதையாட்டம் நடக்கும். மேசையைச் சுற்றி உட்காருபவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் காட்டிலும் மலையிலும் அலைவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். குருவிடம் கதை நடத்தக் கற்றுக்கொண்டிருந்தவள் கோமதி. அவளை நடத்தவிட்டு அவர் சில வாரங்களாக ஒதுங்கியிருந்தார்.

அப்போதுதான் வைதேகி புதிதாகச் சேர்ந்தாள். அதிகம் பேசாத பெண். அவளுடைய பாத்திரம் ஒரு மருத்துவச்சி.

பழைய கூட்டம் அவளை ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று கோமதி மருத்துவச்சிக்கு ராஜமுத்திரை கொடுத்தாள். தீராத மூலிகைப் பை கொடுத்தாள். காட்டுவழி முழுக்க அவளுக்கு அத்துப்படி என்றாள்.

படைவீரனாக ஆடும் லூர்து கண்ணைச் சுருக்கினான்.

"இவ்வளவும் வச்சிருக்கிறவ நம்மகூட எதுக்கு வர்றா?"

மருத்துவச்சி கஷாயம் கொடுத்தால், "மொதல்ல நீ குடி" என்றான். அவள் வழி சொன்னால் எல்லோரும் எதிர்த்திசையில் நடந்தார்கள். இரவுக் காவலுக்கு அவளை விடவில்லை. அவளுக்கே காவல் போட்டார்கள்.

ஒரு ஞாயிறு படியிறங்கும்போது வைதேகி சொன்னாள்: "அடுத்த வாரத்தோட நிறுத்திக்கிறேன்க்கா. ஆட்டத்துல மட்டும்தான் சந்தேகப்படுறாங்கன்னு எனக்குத் தோணல."

கோமதி குருவிடம் போனாள்.

"அவ போயிடுவா, குரு. இன்னும் என்ன கொடுத்தா இவங்க நம்புவாங்க?"

"அடுத்த வாரம் நானும் வர்றேன். எனக்கும் ஒரு டீ சொல்லிடு."

வந்தவர் வைதேகியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் எடுக்க எழுந்தபோது, மேசையில் இருந்த அவளுடைய பகடைப் பையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோமதி மட்டும் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தாள். குரு டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

கதையில் ஒரு மரப்பாலம் வந்தது. பலகை தாங்குகிறதா என்று பார்க்க, மருத்துவச்சியை முன்னால் நடக்கவிட்டார்கள். பாதி வழியில் பலகை உடைந்தது.

"கயிறு கையில சிக்குதா பார்ப்போம். பகடை போடு" என்றாள் கோமதி.

வைதேகி மேசையெல்லாம் தேடினாள். "இங்கதான் வச்சேன்."

"விழப்போறப்ப மட்டும் பகடை காணோமாம்" என்றான் லூர்து. "நல்லா இருக்கே கதை."

அந்த மேசையில் யாரும் யாருக்கும் பகடை தருவதில்லை. கை மாறினால் ராசி போய்விடும் என்பார்கள். லூர்து தன் சிவப்புப் பகடையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருப்பான்.

வைதேகி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லூர்து அண்ணே, உங்களோடத ஒரு தடவை தர்றீங்களா?"

லூர்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்த்தான்.

"எறியக் கூடாது. உருட்டணும்."

உருட்டினாள். மூன்று விழுந்தது. கயிறு கை நழுவியது.

"புது ஆள்கிட்ட மொத தடவை அது அப்படித்தான் பண்ணும்" என்றான் லூர்து, தன் பிள்ளைக்காகக் கூச்சப்படுபவன் போல. சட்டென்று கோமதியிடம் திரும்பினான். "இரு இரு. என் ஆளு ஓடிப்போய் அவ கையைப் பிடிக்கிறான்."

"பாலத்துல கால் வைக்க மாட்டேன்னியே?"

"இப்ப வைக்கிறேன். என் பகடையால இவ சாகக் கூடாது."

கதையில் படைவீரனின் காலை மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, இருவரும் மேலே வந்தார்கள்.

ஆட்டம் முடிந்தது. பகடையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று லூர்து சொல்லிக்கொண்டே இறங்க, வைதேகி தலையாட்டிக்கொண்டே போனாள். "அடுத்த வாரம் நீதான் காவல், தூங்கிடாத" என்ற லூர்துவின் குரல் படிக்கட்டிலிருந்து கேட்டது.

கோமதி குருவின் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அவ அப்புறம் இதைத் தேடவே இல்லையே, குரு. மறந்துட்டே போயிட்டா."

குரு பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீ கொடுத்துக்கிட்டே இருந்தே, அவங்ககிட்ட அவ ஒண்ணு கேக்க வேண்டியிருந்துச்சு. இத்தனை நாள் இந்த மேசையில அவளுக்குன்னு இது மட்டும்தானே இருந்துச்சு."