மணிக்கட்டில் ஒரு பஞ்சு

இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கிற மாசத்தில் நடந்ததாம் இது.

மலையடிவாரத்தில் ஒரு வைத்தியசாலை. சுற்றிலும் இலவ மரங்கள். காற்று லேசாக அசைந்தால் போதும், முற்றமெல்லாம் பஞ்சு மிதக்கும். வருகிறவர்கள் வந்த காரியத்தைக் கொஞ்ச நேரம் மறந்து அண்ணாந்து நிற்பார்களாம்.

வைத்தியம் பார்ப்பவள் தையல்நாயகி. வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. அவளுடைய சீடர் பொன்னுரங்கத்துக்கோ அறுபத்திரண்டு. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றபின் வைத்தியம் கற்க வந்தவர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் முதலில் நாடி. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்க்காமல் ஒரு சிட்டிகைப் பொடிகூடக் கொடுப்பதில்லை.

தையல்நாயகி மூலிகை வாங்க வெளியூர் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அஞ்சலை என்றொரு பெண் தன் மகளோடு வந்து சேர்ந்தாள். மகள் பெயர் மரிக்கொழுந்து, ஏழு வயது. பேச்சு வரவில்லை. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ‘ஆட்டிசம்’ என்று டவுன் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அஞ்சலையின் பையில் இருந்தது.

மூன்று நாள் கழித்து, காலையில் தையல்நாயகி திரும்பினாள். பொன்னுரங்கம் வாசலிலேயே நின்றிருந்தார். கன்னத்தில் நகக்கீறல்.

“முகத்துல என்ன ஏட்டய்யா?”

“அந்தப் பொண்ணு கீறிட்டா.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“நாடி பார்த்தேன்.”

உள்ளேயிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. “நாடியா பார்த்தாரு? திருடனைப் புடிக்கிற மாதிரில்ல புடிச்சாரு!”

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

“மிட்டாய் காட்டினேன்மா. தாயையே பிடிச்சுக்கச் சொன்னேன். தொட்டாலே அலறுது. தலையைத் தூண்ல முட்டுது. மூணு நாளா தண்ணியைத் தவிர எதுவும் இறங்கலை. இன்னைக்கு ரெண்டு ஆள் வச்சு அமுக்கிப் பிடிச்சு மருந்தை ஊத்தியே ஆகணும். இல்லைன்னா பிள்ளை தாங்காது.”

அஞ்சலை வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“முன்னெல்லாம் முட்ட மாட்டா வைத்தியரம்மா. பத்து நாளாத்தான். யாரைக் கேட்டாலும், இந்தப் பிள்ளைங்க அப்படித்தான்னு சொல்லிட்டுப் போறாங்க. என் கொழுந்து என் கண்ணு முன்னாடியே கரைஞ்சுட்டு வர்றா.”

“ஆள் வேண்டாம்” என்றாள் தையல்நாயகி. “சாயங்காலம் வரைக்கும் பொறும்மா.”

மரிக்கொழுந்து பெரிய இலவ மரத்தடியில் இருந்தாள். விழுகிற பஞ்சைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். தையல்நாயகி கொஞ்சம் தள்ளிப் பாய் விரித்து உட்கார்ந்தாள். அவள் பக்கம் திரும்பவில்லை. தன் வலது கையை மட்டும் மல்லாத்திப் பாயில் வைத்தாள்.

வெயில் ஒரு முழம் நகர்ந்தது.

பொன்னுரங்கம் வந்து நின்றார். “எப்போம்மா ஆரம்பிக்கப் போறீங்க?”

“ஆரம்பிச்சாச்சு.”

“சும்மால்ல உட்கார்ந்திருக்கீங்க?”

“நீங்களும் உட்காருங்க. தள்ளி. பூட்ஸ் சத்தம் வேண்டாம்.”

“செருப்புதாம்மா.”

“நீங்க போட்டா அது பூட்ஸ்தான்.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் உட்கார்ந்தார்.

மதியம் போனது. பஞ்சு விழுந்துகொண்டே இருந்தது. கூரையில், பாயில், ஏட்டய்யாவின் மீசையில். முற்றம் முழுக்க மேகம் இறங்கிப் படுத்த மாதிரி இருந்தது. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

அப்போது ஒரு சின்னப் பஞ்சு வந்து தையல்நாயகியின் மணிக்கட்டில் உட்கார்ந்தது. நாடி ஓடுகிற இடத்தில். ஒவ்வொரு துடிப்புக்கும் அது நடுங்கியது.

மரிக்கொழுந்தின் ஆட்டம் நின்றது.

அவள் தவழ்ந்து வந்தாள். பாயில் இடது கன்னத்தை வைத்துப் படுத்து, அந்தப் பஞ்சையே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலைப் பஞ்சின் மேல் வைத்தாள். விரலுக்கடியில் துடிப்பு. ‘ம்… ம்… ம்…’ என்று அதே தாளத்தில் முனகினாள்.

தையல்நாயகி அசையவில்லை.

திடீரென்று பிள்ளை அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையைத் தன் வலது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அஞ்சலை” என்று மெல்லக் கூப்பிட்டாள் தையல்நாயகி. “இவ எந்தப் பக்கம் முட்டுறா?”

“வலது பக்கம்.”

“எப்பவுமா?”

அஞ்சலை யோசித்தாள். அவள் கை தானாக வாய்க்குப் போனது. “எப்பவும்.”

“கன்னம் கொதிக்குது. வீக்கமும் இருக்கு. கடவாய்ப் பல்லாத்தான் இருக்கும். காலையில முதல் பஸ்ஸுக்கு டவுன் பல் டாக்டர்கிட்டப் போறோம். நான் முன்னாடி உள்ளே போய்ச் சொல்றேன், காக்க வைக்க வேண்டாம், மூஞ்சியில லைட்டு அடிக்க வேண்டாம், எதையும் காட்டிட்டு அப்புறம் தொடுங்கன்னு. இப்போ கேப்பைக் கூழை நல்லா ஆறவச்சுத் தண்ணியாக் கொண்டா. ஊத்தாதே. அவ கையில கொடு.”

மரிக்கொழுந்து தலையை இடது பக்கமாகச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அரை டம்ளர் கூழைக் குடித்தாள். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“வைத்தியரம்மா, இவ பேசுவாளா?”

“தெரியாதும்மா. பத்து நாளா முட்டி முட்டிச் சொல்லிட்டுத்தான் இருந்திருக்கா.”

அஞ்சலை மகளுக்குப் பக்கத்தில், தொடாமல், உட்கார்ந்துகொண்டாள்.

பொன்னுரங்கம் சீட்டைக் கையில் எடுத்து வந்தார். “இதுல ஆட்டிசம்னுதானேம்மா போட்டிருக்கு?”

“சீட்டு சரிதான்.”

“அப்போ பல்லு?”

“பல்லுக்குப் படிக்கத் தெரியாது ஏட்டய்யா.”

அவர் சீட்டை மடித்தார். மனசு இன்னும் ஆறவில்லை.

“இருந்தாலும் நாடி பார்க்காம இங்கே வைத்தியம் கிடையாதே?”

“பார்த்தாச்சே.”

“நானும் இங்கேதானே இருந்தேன்! அவ மணிக்கட்டை நீங்க தொடவே இல்லை.”

“அவ என் நாடியைப் பார்த்தா.”

“அதுல என்ன தெரிஞ்சுதாம் அவளுக்கு?”

“எனக்கு அவசரம் இல்லைன்னு.”

பொன்னுரங்கம் சீட்டைக் கீழே வைத்தார். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கையை மல்லாத்தி வைத்தார். ஒரு பஞ்சு சுற்றிச் சுற்றி இறங்கி வந்து அவர் மணிக்கட்டில் அமர்ந்தது. படபடவென்று நடுங்கியது. அது நிதானத்துக்கு வரட்டும் என்று அவர் காத்திருந்தார்.