பத்து மார்க் மௌனம்

தில்லைநாயகம் கல்லூரியில் முப்பது வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். சினிமாவுக்குப் பாட்டெழுதும் ஆசை அதற்குப் பிறகுதான் வந்தது. பாடலாசிரியை ஜெபக்கனியிடம் சீடராகச் சேர்ந்தார். சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது, குருவுக்கு நாற்பது. இதற்கெல்லாம் வெட்கப்பட அவருக்கு நேரமில்லை.

அவர் முப்பது வருஷமும் வகுப்பில் நடத்திய நாவல் இப்போது பாட்டுப் படமாகிக்கொண்டிருந்தது. எட்டுப் பாட்டை ஜெபக்கனி எழுதிவிட்டு, ஒன்பதாவதைச் சீடரிடம் கொடுத்தார். அவருடைய முதல் பாட்டு. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. ஒலிப்பதிவு இன்று மாலை நாலு மணிக்கு.

கதையில் இடம் இதுதான். பதினோரு வருஷம் கழித்து, கதாநாயகி சிகப்பியின் புருஷன் பர்மாவிலிருந்து திரும்பி வருகிறான். சிகப்பி அவனைப் பார்க்கிறாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். ஒரு சொல் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் தில்லைநாயகம் கேட்டார்.

"கவிஞரே, ஒரு சந்தேகம். நாவலைப் பாட்டுப் படமா எடுக்கிறதுல என்ன நிறை, என்ன குறை?"

"எடுத்தவரைக்கும் பாத்தீங்களே சார். நீங்களே சொல்லுங்க."

"கப்பல் பாட்டு நிறை. நாவல்ல நாப்பது பக்கம் ஓடுற ஏக்கம் நாலு நிமிஷத்துல வந்துருச்சு."

"குறை?"

"கல்யாணப் பாட்டு. மாமியார்க்காரி அந்தக் கல்யாணத்துல ஒரு வார்த்தை சொல்லுவா. கதையே அதுலதான் இருக்கு. மேளச் சத்தத்துல அது காணாமப் போச்சு."

"அது நான் எழுதின பாட்டு."

"தெரியும்."

"சரியாத்தான் சொல்றீங்க. உங்க பாட்டைக் குடுங்க."

பதினாறு வரி. முதல் நான்கில் பிரிவு, அடுத்த நான்கில் கோபம், பிறகு மானம், கடைசியில் மன்னிப்பு. எதுகையும் மோனையும் தப்பாமல் விழுந்திருந்தன.

"இந்த இடத்தைப் பரீட்சையில கேப்பீங்களா சார்?"

"கேக்காம? 'சிகப்பியின் மௌனத்துக்கான காரணங்களை விளக்குக.' பத்து மார்க்."

"எத்தனை காரணம் எழுதணும்?"

"நாலு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டரை."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் நீட்டிய தாள் என்ன என்று அவருக்கு உறைத்தது. முகம் சுண்டிவிட்டது.

ஜெபக்கனி தாளை மடித்து அவரிடமே கொடுத்தார். பாடகியிடம் போய் ஏதோ சொன்னார். திரையில் காட்சி ஓடியது. பாடகி மெட்டை வெறும் தன்னானே போட்டுப் பாடினார். வரி வந்து சேரும்வரை மெட்டுக்கு எல்லோரும் போட்டுக்கொள்ளும் அதே தன்னானேதான். சிகப்பி செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல.

"பாட்டே இல்லாம விட்டுடலாமே கவிஞரே. நாவல்ல இருக்கிற மாதிரி."

"புத்தகத்துல அவ பேசலேன்னா நாமளும் பேசாம இருப்போம். தியேட்டர்ல அவ பேசலேன்னா முறுக்கு கடிக்கிற சத்தம்தான் சார் கேக்கும். அதுக்குத்தான் பாட்டு."

"அப்ப என் வரி?"

"பாட்டு உங்களுது. வரி வேண்டாம்னு டைரக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

தில்லைநாயகம் தாளை ஒரு தடவை பிரித்துப் பார்த்தார். முதல் பாட்டு, யாருக்குத்தான் மனசு வரும். பிறகு டைரக்டரின் அறைக்குப் போனார். பத்து நிமிஷத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"ஒத்துக்கிட்டார். ஆனா வார்த்தையே இல்லாத பாட்டுக்கு எழுதினவங்கன்னு யார் பேரைப் போடறதுன்னு கேக்கறார்."

தில்லைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு வருஷம் ஒரு பொண்ணு அந்தக் கேள்விக்கு ஒரே வரி எழுதியிருந்தா. 'சிகப்பிக்கே சொல்ல வரல, நான் என்னத்தை எழுத?'ன்னு."

"எவ்வளவு போட்டீங்க?"

"சைபர்."

"அந்தப் பொண்ணு பேரைப் போடச் சொல்லுங்க சார்."

தில்லைநாயகம் வெகுநேரம் யோசித்தார். பேர் ஞாபகத்துக்கு வரவில்லை.