கிளிகளுக்கு விலைபேசிய வீடு

முன்னொரு காலத்தில், எந்தச் சீமை என்றெல்லாம் கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் தம் கிளிகளைத் தனி வீட்டில் குடிவைக்கும் ஆசை வந்தது. அரண்மனைத் தோட்டத்தை ஒட்டியிருந்தது விகடகவி மருதப்பனின் வீடு. அதற்கு இருநூறு பொன் தருவதாகச் சொன்னார். மருதப்பனும் சம்மதித்தான். மனைவி தையல்நாயகி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். சபையையே சிரிக்க வைத்துவிட்டு வீடு திரும்பினால், ஏனென்று கேட்க ஆளில்லை. குழம்பில் உப்பில்லை என்று சொல்லக்கூட எதிரே ஒருவர் வேண்டாமா, பாவம்! அந்தப் பொன் கிடைத்தால் மகள் இருக்கும் ஊரில் சின்ன வீடாக ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

பிரதானி திருவேங்கடருக்கு இது பொறுக்குமா? வாங்குமுன் வீட்டைச் சோதிக்க வேண்டுமென்று ராஜாவின் காதில் ஓதிவிட்டு, கொத்தனையும் தச்சனையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூரை ஒழுகுகிறதாம், ஐம்பது பொன் கழி. கதவு செல்லரித்துவிட்டதாம், முப்பது கழி. ஜன்னல், உத்திரம் என்று ஒன்றையும் விடவில்லை அந்த மகாபாவி. கடைசியில், ஆள் அரவமே இல்லை, தனிமை பிடித்த வீடு என்று பத்துப் பொன்னைக் கழித்தார். மிஞ்சியது இருபது. அதை வைத்து ஒரு மாட்டுக் கொட்டில்கூட வாங்க முடியாது. மருதப்பனோ மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

ஒரு வாரம் கழித்து ராஜா கிளிக்கூண்டுகளோடு வந்து பார்த்தால், வெறும் சுவர்கள் நிற்கின்றன. கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் வாசலில் வண்டியேறிவிட்டன. உள்ளே மருதப்பன் தரையில் உட்கார்ந்திருந்தான். இதென்ன கூத்து என்று ராஜா கேட்டார்.

"மகாராஜா, பிரதானியார் எதற்கெல்லாம் விலையைக் கழித்தாரோ, அதையெல்லாம் தாங்கள் வாங்கவில்லை. வாங்காதது என்னுடையதுதானே? எடுத்துக்கொண்டேன்."

பிரதானியின் முகம் சுண்டிப்போயிற்று. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வண்டி கட்டியாகிவிட்டதே, இன்னும் எதற்குக் காத்திருக்கிறாய் என்றார்.

"தனிமைக்கும் பத்துப் பொன் கழித்தார், பிரபு. அதையும் நான்தான் எடுத்துப் போகவேண்டும். எங்கே பிடித்துத் தூக்குவதென்று தெரியவில்லை."

சொல்லிவிட்டு அவன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ராஜாவின் சிரிப்பு நின்றது. இருநூறு பொன்னையும் அங்கேயே எண்ணிக் கொடுக்கச் சொன்னார். கழித்த தொகை முழுவதையும் பிரதானியின் தலையில் கட்டினார்.

"மருதப்பா, முழு விலையும் கொடுத்தாயிற்று. இனி அந்தத் தனிமையும் எனக்குச் சொந்தம். அதை இங்கேயே விட்டுவிட்டு, நீ உன் மகளிடம் போ."

தம் சாமர்த்தியத்தை நினைத்து ராஜா மறுபடியும் சிரித்தார். மருதப்பன் கும்பிட்டுவிட்டு, சாமான்களை இறக்கிவைத்துவிட்டு, வெறும் வண்டியில் ஏறிப் போனான்.

மறுநாள் சபை கூடியது. சிரிக்க வைக்க ஆளில்லை. தாம் வாங்கியது இன்னதென்று ராஜாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.