மாசிலாமணி வீட்டு விருந்தாளி

வடிவாம்பிகை அம்மை ஆற்றங்கரை மடத்தின் குருவாக இருந்த காலம் அது. அவருடைய சீடர்களில் தில்லைநாயகம் என்பவர் அம்மையைவிட வயதில் மூத்தவர். ஊர் ஊராகப் போய் இல்லறத்தைப் பற்றிப் பேசுவார். பேச்சில் கெட்டிக்காரர்.

"குடும்பம் என்பது ஓர் உடல்," என்பார். "தகப்பன் உழைத்துக் கொண்டுவருகிறான். தாய் அதைப் பக்குவம் செய்து எல்லோருக்கும் பகிர்கிறாள். வெளியே பட்ட சூடெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் தணிந்துவிடுகிறது. பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து வாழக் கற்றுக்கொள்கிறார்கள். அவரவர் வேலையை அவரவர் செய்தால் வீடு நிற்கும். வீடு நின்றால் ஊர் நிற்கும்."

கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அம்மை மட்டும் ஒருநாளும் தலையாட்டியதில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"நான் சொல்வதில் பிழை இருக்கிறதா அம்மா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

"காலில் முள் தைத்தால் வாய் கத்துகிறது. வீட்டில் ஒருவருக்குத் தைத்தால் யார் கத்துவார்கள்?"

"குடும்பத் தலைவர் இருக்கிறாரே. அவர் பார்த்துக்கொள்வார்."

"நீங்கள் பார்த்ததிலேயே ஒழுங்கான வீடு எது?"

தில்லைநாயகம் யோசிக்கவே இல்லை. "மருதங்காட்டில் நெல் வியாபாரி மாசிலாமணியின் வீடு."

"கொஞ்ச நாள் அங்கே தங்கிவிட்டு வாருங்கள்," என்றார் அம்மை.

மாசிலாமணி வீட்டில் அவருக்கு நல்ல வரவேற்பு. காற்றோட்டமான அறை, வெந்நீர், வேளைக்குச் சாப்பாடு. மாசிலாமணியின் மனைவி சௌந்தரவல்லி பம்பரமாய்ச் சுழன்றாள். மகன் நெல் வாங்க வெளியூர் போயிருந்தான். மருமகள் தையல்நாயகி குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தாள். பேத்தி ஒருத்தி, ஐந்து வயசு இருக்கும், ஓசையே இல்லாமல் விளையாடினாள். பாத்திரம் உருளும் சத்தம்கூடக் கேட்கவில்லை. எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டது. சௌந்தரவல்லி பாதிப் பேச்சில் நிறுத்தினாள். குழந்தை பொம்மையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு எழுத்துப் பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. தையல்நாயகி குழம்பில் விரல் வைத்துச் சூடு பார்த்தாள்.

மாசிலாமணி சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். அதட்டத் தெரியாத மனிதர். குரலே உயராது.

"எங்கள் வீடு எப்படி இருக்கிறது?"

"ஒரே உடல் போல இருக்கிறது," என்றார் தில்லைநாயகம். மாசிலாமணிக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று.

மறுநாள் கடையில் ஏதோ தகராறு. மாசிலாமணியின் முகம் இறுகியிருந்தது. பேசாமல் சாப்பிட்டார். கடைசியில், "சௌந்தரம், மோர் புளித்திருக்கிறது," என்றார். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

சௌந்தரவல்லி மருமகளைப் பார்த்தாள். இருவரும் அடுக்களைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே யாரும் பேசவில்லை. பிறகு, வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு ஒருவர் கத்தினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம் கேட்டது.

தில்லைநாயகம் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தார். மாசிலாமணி திரும்பி வந்து வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். முகம் தெளிந்திருந்தது.

"எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் அன்பாக.

எடுத்துக்கொண்டார்.

காலையில் தையல்நாயகியின் வலது கையில் துணிக்கட்டு இருந்தது. "அடுப்பில் பட்டுவிட்டது," என்றாள் சௌந்தரவல்லி. அவர் கேட்கவே இல்லை. அவளாகவே சொன்னாள். சௌந்தரவல்லியின் முன்கையில் பழைய தழும்புகள் இருந்ததை அப்போதுதான் கவனித்தார். அவளும் ஒரு காலத்தில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தானே.

கூடத்து மூலையில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. துணிப்பொம்மையை மடியில் உட்காரவைத்து, அதன் கையைப் பிடித்துத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தது.

"என்ன விளையாட்டு கண்ணு?"

"மோர் புளிச்சிடுச்சு," என்றது குழந்தை, மிக மெதுவாக.

அவர் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போனார்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது தையல்நாயகி வந்து நின்றாள். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். மிகச் சின்னப் பெண்.

"ஐயா, நீங்கள் ஊருக்குப் போகும்போது என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மடத்துக்கு அந்தப் பக்கம்தான் என் அண்ணன் ஊர். நீங்கள் கூட இருந்தால் யாரும் மறிக்கமாட்டார்கள்."

"உன் புருஷன் வந்ததும் சொல்லேன் அம்மா."

"அவருக்கும் முதுகில் தழும்பு இருக்கிறது ஐயா."

அவர் ஈரக்காலோடு நின்றார். "பார்க்கலாம்," என்றார்.

சாயங்காலம் மாசிலாமணி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வீட்டில் யாராவது உங்களிடம் ஏதாவது கேட்டார்களா?"

மெல்லிய குரல்தான். தில்லைநாயகத்தின் கைகள் தாமாகவே மடியில் சேர்ந்துகொண்டன. குழந்தை பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரியே தாமும் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் நிமிர முடியவில்லை.

"இல்லையே," என்றார்.

"நல்லது. நாளைக்குக் கோயிலில் நீங்கள் பேச வேண்டும். எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். ஊரில் இரண்டு வீட்டுப் பெண்கள் கோபித்துக்கொண்டு பிறந்தவீடு போய்விட்டார்கள். அவர்களுக்கும் புத்தி வரட்டும்."

பேசினார். நன்றாகவே பேசினார். ஊரே தலையாட்டியது. பெண்கள் வரிசையில் தையல்நாயகி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்காமலே பேசி முடித்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் புறப்பட்டார். கொல்லைக் கதவருகே அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஒரு துணிமூட்டை இருந்தது. அவர் கண்டார். வாசல் பக்கமாகத் திரும்பி நடந்தார். ஊர் எல்லை தாண்டும்வரை பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது.

மடத்தில் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வீடு எப்படி இருந்தது?"

"எல்லோரும் அவரவர் வேலையைச் செய்கிறார்கள் அம்மா."

"வீட்டுக்காரருக்கு வெளியே பட்ட சூடு?"

"தணிந்தது."

"எங்கே தணிந்தது?"

தில்லைநாயகம் தம் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மருமகளின் கையில்," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கிணற்றடியை மட்டும் கடைசியில் சொன்னார்.

அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை?"

"கற்றுக்கொள்கிறது."

"மாமியார்?"

"கற்றுக்கொண்டவள்."

"உங்களுக்கு அந்த வீட்டில் என்ன வேலை கொடுத்திருந்தார்கள்?"

விருந்தாளிக்கு என்ன வேலை என்று சொல்ல வாயெடுத்தார். கோயில் மேடை நினைவுக்கு வந்தது. தலையாட்டிய ஊர் நினைவுக்கு வந்தது.

அம்மை எழுந்து போய்த் தம் மேல்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"எங்கே அம்மா?"

"மருதங்காட்டுக்கு."

"இப்போது போனால் மாசிலாமணி வீடு திரும்பும் நேரமாக இருக்கும்."

"ஆமாம்."

"எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா."

"எனக்கும்தான். கூடவே வருகிறேன்," என்றார் அம்மை. "ஆனால் கதவை நீங்கள்தான் தட்ட வேண்டும்."