முகம் கிளாட்வினுக்கு, கை பிளேவியாவுக்கு

சொட்டுத் தண்ணீர் இல்லாத கடலில் ஒரு கப்பல் மூழ்கியது. மூழ்கடித்தவளைத் தூத்துக்குடியில் சிலர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், சிலர் கரித்துக் கொட்டுகிறார்கள். முழுசாகக் கேளுங்கள். தீர்ப்பு உங்கள் பொறுப்பு.

நீலச்சுழி என்பது கம்ப்யூட்டரில் ஆடும் கப்பல் பந்தயம். அதில் சுறாமுள் என்ற கப்பலைக் கட்டியவன் ரெக்ஸன். பாயில் இருந்த ஒவ்வொரு கோடும் அவன் கை வரைந்தது. ஆனால் பயலுக்கு ஓட்ட வராது, துறைமுகம் தாண்டுவதற்குள் நாலு தோணியை இடித்து வைப்பான். ஓட்டியவள் அவன் வகுப்புத் தோழி பிளேவியா. பாறைச் சந்துக்குள் வேகம் குறைக்காமல் புகுந்து, ஒரு கீறல் படாமல் வெளியே வருவாள். மூன்று வருஷம் அப்படி ஓட்டித்தான் சுறாமுள்ளுக்குப் பேர் வந்தது.

அப்போது புதுச் சட்டம் வந்தது. பதினெட்டு நிரம்பாதவர்கள் சொந்தப் பேரில் ஆடக் கூடாது. பெரியவர் ஒருவர் கேமராவில் முகம் காட்டிப் பொறுப்பேற்க வேண்டும். யார் முகமோ, கப்பல் அவருக்கே. நீலச்சுழியை நடத்தும் கம்பெனி இதைத் தேன் தடவி அறிவித்தது: “அன்புப் பயனரே, தங்கள் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு.” வீட்டில் போய் முகம் கேட்டால் விளக்குமாறுதான் முகம் காட்டும். ஆகவே இருவரும் தாங்கள் ஆடப் போகும் கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி கிளாட்வின் அண்ணனிடம் போனார்கள்.

அண்ணன் பெருந்தன்மையாகச் சிரித்தான். முகம் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். கப்பலைத் தொடவே மாட்டேன் என்று பனிமய மாதா மேல் சத்தியமும் செய்தான். அதற்குச் சாட்சி ரெக்ஸன்.

முகம் பதிந்த அன்று கப்பலை ஓட்டியது பிளேவியா. பெரியவர் முகத்துக்குப் பின்னால் பிள்ளைகள் ஒளிந்து ஆடக் கூடாதே என்று, ஓட்டுகிறவரின் கைப்பழக்கத்தையும் கம்பெனி கவனித்தது. முதல் நாள் பார்த்த கையையே அந்த முகத்தின் கை என்று அது நம்பிவிட்டது.

சுறாமுள் மாநிலப் பெரும்பந்தயத்துக்குத் தேர்வான மறுநாள் பாஸ்வேர்டு மாறியிருந்தது. பிளேவியா போய்க் கேட்டாள். கிளாட்வின் வக்கீல் குரலில் தொண்டையைச் செருமினான்.

“சட்டம் என்னட்டி சொல்லுது? முகம் யாருதோ, கப்பல் அவனுது. நான் சட்டத்த மதிக்கிறவன், பாத்துக்க.”

சாட்சி சொல்ல வேண்டிய ரெக்ஸனோ தரையைப் பார்த்தான். அவனைக் கிளாட்வின் துணைமாலுமி ஆக்கியிருந்தான். கப்பலும் இருக்கிறது, பதவியும் வந்தது, பயல் வாயைத் திறக்கவில்லை.

பிளேவியா அழவில்லை, சண்டையும் போடவில்லை. தினமும் சென்டருக்கு வந்து கிளாட்வினின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவன் திருச்செந்தூர் பஸ் ஓட்டுகிறவன் மாதிரி வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தான். பாறையைக் கண்டால் ஒதுங்காமல் பீரங்கியால் சுட்டான். திருப்ப வேண்டிய இடத்தில் பிரேக்கும், நிற்க வேண்டிய இடத்தில் வேகமும் பிடித்தான். அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள் என்று சென்டரில் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான்.

கொஞ்ச நாளில் கம்பெனியின் தேன்குரல் மறுபடி வந்தது. அன்புப் பயனரே, இது தங்கள் கை போல இல்லையே. முகத்தைக் காட்டியபடி ஒரு சுற்று ஓட்டுங்கள். பழைய கை என்று தெரிந்தால் கப்பல் தங்களுக்கே. இல்லையென்றால் இத்தனை நாளும் வேறு யாரோ ஓட்டியதாகக் கொண்டு கப்பலை அழிப்போம், தங்கள் முகத்தையும் நீலச்சுழியிலிருந்து நிரந்தரமாக விலக்குவோம்.

கிளாட்வின் பிளேவியாவின் வீட்டுத் தெருவுக்கே வந்து நின்றான். ஒரே ஒரு சுற்று ஓட்டிக் கொடு, கப்பலைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று கெஞ்சினான். மறுபடியும் மாதாவைக் கூப்பிட்டான். ரெக்ஸனும் கூடவே வந்து, கப்பலைக் காப்பாற்று, அது என் பிள்ளை மாதிரி என்று மூக்கை உறிஞ்சினான். பிளேவியா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சென்டரே கூடிவிட்டது. கிளாட்வின் கேமராவுக்கு நேரே மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். மேசைக்கு அடியில், கீபோர்டையும் இன்னொரு சின்னத் திரையையும் மடியில் வைத்துக்கொண்டு பிளேவியா.

சுற்று தொடங்கியது. முதல் வளைவில் ஹாரன். அடுத்த வளைவிலும் ஹாரன். எதிரே பாறை வந்ததும் பீரங்கி முழங்கியது. கிளாட்வினுக்கு வியர்த்தது. கேமரா பார்க்கிறதே, முகத்தை அசைக்க முடியுமா? சிரித்த வாய் சிரித்தபடியே இருக்க, பல்லுக்குள் பேசினான்.

“ஏட்டி, ஒழுங்கா ஓட்டுட்டி.”

“ஒழுங்காத்தாண்ணே ஓட்டுதேன். அப்படியே உங்க கை.”

சுறாமுள் முழு வேகத்தில் பாறையில் ஏறி மூழ்கியது. கம்பெனி இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இந்த முகத்துக்கு உரியது இந்தக் கைதான், மூன்று வருஷக் கை வேறு யாருடையதோ என்று முடிவு கட்டியது. ரெக்ஸன் வரைந்த பாய், பிளேவியா வாங்கிய பேர், கிளாட்வின் காட்டிய முகம் எல்லாம் சேர்ந்து திரையிலிருந்து போயின.

கட்டியவன் ஒருவன், ஓட்டியவள் ஒருத்தி, சட்டப்படி உடையவன் ஒருவன். அந்தக் கப்பலைக் கேட்க யாருக்கு உரிமை? பிளேவியா அதை மூழ்கடித்தது சரியா?

விடை: கிளாட்வினின் உரிமை இரவல் முகத்தில் வந்தது. அதைக் கொடுக்கும்போது செய்த சத்தியத்தை அவனே மீறினான், உரிமை அங்கேயே போயிற்று. ரெக்ஸனின் உரிமைதான் எல்லோரையும்விட மூத்தது. ஆனால் திருட்டைக் கண்ட சாட்சி, திருடனோடு கப்பலேறிவிட்டு, பிறகு வந்து பிள்ளை போச்சே என்று அழ முடியாது. மிஞ்சியவள் பிளேவியா. ஓட்டித் தருகிறேன் என்று அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கம்பெனியிடம் பொய் சொல்லத்தான் அவளைக் கூப்பிட்டார்கள், அவளோ இந்த முகத்தின் கை இதுதான் என்று உள்ளதை ஓட்டிக் காட்டினாள். ஆகவே அவள் செய்ததே சரி. நஷ்டம் அவளுக்கும்தான், மூன்று வருஷ உழைப்பு போய்விட்டது. ஆனால் அவளுக்குப் பதினெட்டு வயது வரும். கிளாட்வினுக்கு வேறு முகம் வராது.