உமையாளின் மௌனம்

"உமையாள் என்னை அவமானப்படுத்துகிறாள், அம்மா" என்றாள் அங்கயற்கண்ணி.

மடத்தின் குரு தவமணி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அவள்தான் பேசுவதே இல்லையே."

மடத்தில் அது மௌன மாதம். சீடர்கள் குருவிடம் மட்டும் வாய் திறக்கலாம். தங்களுக்குள் ஒரு சொல் கூடாது.

"பேசித்தான் அவமானப்படுத்த வேண்டுமா? தன் சோற்றையெல்லாம் என் இலையில் தள்ளிவிடுகிறாள். கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போகிறாள்."

"இலையில் மீதம் வைக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். உனக்கோ பசி அதிகம்."

"பார்த்தீர்களா, இதைத்தான் எல்லோரும் நினைக்க வேண்டும் அவளுக்கு. நான் தீனிப்பண்டாரம், அவள் பெரிய தபசி."

அம்மை ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"இது உனக்குத் தெரியுமா, அனுமானிக்கிறாயா?"

"எல்லாம் பொருந்தி வருகிறதே. என் முகத்தைப் பார்ப்பதில்லை. கழுத்தை முந்தானையால் போர்த்திக்கொண்டு குனிந்தே நடக்கிறாள். அத்தனை அடக்கமாம். நாளைக்கு உங்கள் இடத்தில் உட்கார இப்போதே பழகுகிறாள்."

"பொருந்தித்தான் வருகிறது."

அங்கயற்கண்ணியின் குரல் இறங்கியது. "ஒரே பாயில் படுத்தவர்கள், அம்மா, நாங்கள். இனி அவளோடு என்னால் முடியாது. என்னை வேறு மடத்துக்கு அனுப்பிவிடுங்கள்."

"போ. போவதற்கு முன் அவளையே கேட்டுவிடு. இருவருக்கும் விரதத்தை விலக்கினேன் என்று சொல்."

உமையாள் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏனடி என்னை இப்படிச் செய்கிறாய்?"

உமையாள் நிமிர்ந்தாள். உதடுகள் அசைந்தன.

"அம்மா விலக்கிவிட்டார்கள். வாயைத் திறந்து பேசு."

மறுபடியும் உதடுகள் அசைந்தன. காற்றுதான் வந்தது.

உமையாள் முந்தானையை மெல்ல விலக்கிக் காட்டினாள். தொண்டையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

அங்கயற்கண்ணி திரும்பி ஓடினாள்.

"அம்மா, அவளுக்குக் குரலே இல்லை. சோறு இறங்காது அவளுக்கு. எப்போதிலிருந்தோ தெரியவில்லை."

அம்மையின் கை நின்றது.

"குரல் போகும் முன்னே உங்களிடமாவது வந்து சொல்லியிருக்கலாமே. உங்களிடம் பேசலாமே."

"வரவில்லை. இந்த மாதம் முழுக்க வரவில்லை."

"ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லையா?"

அம்மை கீரையை ஒதுக்கி வைத்தார்.

"அவளுக்கு மௌனம் கைகூடிவிட்டது என்று நினைத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்."