தேர்ட் மேனில் ஒரு தூக்கம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பன் சொன்னான். அவனுக்கு, ஒரு மலையடிவார ஆசிரமத்தில் சில மாதம் இருந்த அவன் சித்தப்பா சொன்னாராம். கேட்டபடியே எழுதுகிறேன்.

“பதவியை விட்டுட்டா அப்புறம் நான் யாரு, அம்மா?”

கேட்டவர் ஜெயசீலன். தேசியக் கிரிக்கெட் அணியின் கேப்டன். அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த ஆசிரமத்தின் குரு. அங்கே எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

“இப்ப என்ன ஆச்சு?”

“கேப்டனா தொடர்றேனா இல்லையான்னு நாளைக்குச் சொல்லணும். வாரியம் என் முடிவுக்கே விட்டுட்டாங்க.”

“தூங்கினீங்களா?”

“எங்கே? நடுவர் அவுட் இல்லைன்னுட்டா, டிவி அம்பயர்கிட்ட போகலாமா வேண்டாமான்னு கேப்டன்தான் சொல்லணும். பதினஞ்சு விநாடி. அவ்வளவு நேரமும் பத்துப் பேரும் என் மூஞ்சியையே பார்ப்பாங்க. போன மேட்ச்ல வேண்டாம்னுட்டேன். அது அவுட்டு. கோப்பை போச்சு. இப்ப கண்ணை மூடினா அந்தப் பத்து மூஞ்சிதான்.”

அம்மா எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆசிரமத்தில் கிரிக்கெட் உண்டு. அம்மாதான் நடுவர்.

“ஓர் ஆள் குறையுது. வாங்க.”

ஆள் குறைந்த அணிக்குக் கேப்டன், சமையல்காரர் பொன்னையா. அவர் ஜெயசீலனை மேலும் கீழும் பார்த்தார்.

“தேர்ட் மேன். அந்தப் பூவரச மரத்துக்கிட்ட.”

“நானா?”

“வயசானவங்களை அங்கதான் நிறுத்துவோம்.”

விக்கெட் கீப்பருக்குப் பின்னால், எல்லைக்கோட்டின் ஓரம் போய் நின்றார் ஜெயசீலன். சும்மா நிற்க முடியவில்லை. கையைத் தட்டினார். ஸ்லிப்பில் நின்றவரை இடப்பக்கம் நகரச் சொன்னார்.

“ஐயா, கொஞ்சம் சும்மா நில்லுங்க!” என்று பொன்னையா கத்தினார். “பந்து போடறவன் மிரள்றான்.”

சும்மா நின்றார்.

பந்து ஒருவரின் காலில் பட்டது. எல்லோரும் கூவினார்கள். அம்மா தலையை ஆட்டி மறுத்தார்.

ஒன்பது தலைகள் பொன்னையாவின் பக்கம் திரும்பின.

ஜெயசீலன் வழக்கம்போல விநாடிகளை எண்ணத் தொடங்கினார். காத்திருந்தார். ஒரு முகமும் அவரைத் தேடி வரவில்லை. அங்கிருந்து தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். வியர்வையில் ஒட்டிய சட்டைகள்.

“அம்மாவுக்கு மேல யாருகிட்டடா அப்பீல் போறது? போடு அடுத்த பந்தை!” என்றார் பொன்னையா.

ஜெயசீலன் மரத்தில் சாய்ந்தார்.

அதன்பிறகு அவர் கேட்டது கூச்சலைத்தான்.

“ஐயா! பந்து! பந்து!”

கண்ணைத் திறந்தார். பந்து அவரைத் தாண்டி, கோட்டுக்கு வெளியே கிடந்தது. அம்மா நான்கு ரன்னுக்குக் கையை வீசிக்கொண்டிருந்தார்.

“நாட்டுக்கு ஆடற ஆளாம்! நின்னுக்கிட்டே தூங்குறாரு பாருங்க!” பொன்னையா தலையில் அடித்துக்கொண்டார்.

ஜெயசீலன் பந்தோடு அம்மாவிடம் ஓடிவந்தார்.

“மன்னிச்சிடுங்கம்மா. தூங்கிட்டேன்.”

“யாரு?” என்றார் அம்மா.

ஜெயசீலன் வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது.

ஆசிரமத்தில் இப்படியேதான் நடந்ததா, எனக்குத் தெரியாது. என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றுதான். அவர் பதவி விலகியபின் ஆடிய முதல் ஆட்டத்தின் பதிவைத் தேடிப் பார்த்தேன். ஓர் அப்பீலை நடுவர் மறுக்கிறார். எல்லோரும் புதிய கேப்டனின் முகத்தைப் பார்க்கிறார்கள். கேமரா மைதானத்தைச் சுற்றி வருகிறது.

தேர்ட் மேனில் ஜெயசீலன் கொட்டாவி விடுகிறார்.